ஒரு நிமிடத்தில் ஒரு முழம்: ஓட்டிவிட்ட வீடியோவா, கைப்பழக்கமா?

கேள்வி, ஏப்ரல் 6, 2024

"மதுரையில் எடுத்தது என்று ஒரு வீடியோ எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. ஒரு அம்மா மல்லிகை கட்டுகிறார். கண் கையில் இல்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாரையோ திட்டியபடியே ஒரு நிமிடத்துக்குள் ஒரு முழம் முடித்துவிடுகிறார். இது வேகத்தைக் கூட்டிய வீடியோ என்று நான் சொல்கிறேன். இல்லையென்றால் பிறவித் திறமை. மூன்றாவதாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள்."

ஏப்ரல் 6, இரவு

வேகம் கூட்டவில்லை. சத்தத்தை வைத்துக் கேளுங்கள். அந்த அம்மா போனில் "அவன் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்கிறார், பேச்சு பேச்சாகவே இருக்கிறது. ஓட்டிவிட்டிருந்தால் குரல் கீச்சென்று போயிருக்கும், இல்லையென்றால் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியே இருக்காது. சத்தம் தனியாகச் சேர்த்தது என்பீர்கள். சரி, பின்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், அவர் காலைப் பாருங்கள். சாவகாசமாகத்தான் நடக்கிறார்.

பிறவித் திறமை என்பதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் மதுரையில் பெண் எடுத்தவன். என் மாமியார் வீட்டிலிருந்தே பூக்கடைக்குக் கட்டிக் கொடுக்கிறவர். அவருடைய தங்கைகள் இரண்டு பேரும் இதே வேகம். எதிர்வீட்டு அக்காவும் இதே வேகம். ஒரே தெருவில் நாலு பிறவி மேதைகளா?

ஏப்ரல் 7

நேற்று வீராப்பாக எழுதிவிட்டேன், இன்று அளந்து பார்த்தேன். மாமியாருக்குத் தெரியாமல் போன் கடிகாரத்தை ஓடவிட்டேன். ஒரு முழம், 1 நிமிடம் 50 வினாடி. இரண்டாவது முழத்தில் கண்டுபிடித்துவிட்டார். "என்ன மாப்ள, ரேசா விடுறீங்க?" என்று சிரித்தவர் அதற்கப்புறம் வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கட்டினார், அந்தக் கணக்கு சேராது.

வீடியோவில் ஒரு நிமிடம், இங்கே அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் நான் சொன்னது தப்பா? இல்லை, முழம் வேறு. மாமியார் கட்டுவது நெருக்கக் கட்டு, கண்ணிக்கு (ஒரு முடிச்சுக்கு) நாலு மொட்டு, நடுவில் நூலே தெரியாது. எண்ணிப் பார்த்தேன், ஒரு முழத்தில் 43 கண்ணி. வீடியோவில் இருப்பது இடைவெளி விட்டுக் கலக்கக் கட்டியது. நிறுத்தி நிறுத்தி எண்ணியதில் 30 கூட வரவில்லை. ஆக ஒரு கண்ணிக்கு அங்கே இரண்டு வினாடி, இங்கே இரண்டரை. பெரிய வித்தியாசம் இல்லை.

முழம் என்பதே முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யார் முழங்கை என்று எந்தச் சட்டமும் இல்லை. சாயங்காலம் ஆக ஆகச் சில பூக்காரர்களின் கை குட்டையாகிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன், அதையும் ஒரு திறமையாக யாராவது வீடியோ எடுக்கலாம்.

ஏப்ரல் 9

"இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஒரு முழம் கட்டிக் காட்டுங்கள்" என்று ஒருவர் கேட்டுவிட்டார். நியாயம்தான். காலையில் நூறு கிராம் உதிரிப்பூ வாங்கிவந்தேன். இப்போது வரத்து அதிகம், விலை மலிவு. மார்கழி, தையில் இந்த ஆசை வந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் செய்முறை. நூலின் ஒரு முனை இடது கையில். அதன் மேல் இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை, இன்னும் இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம் தலை, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இடது கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு வலது கை நூலைக் காம்பைச் சுற்றி ஒரு சுற்று. பிறகு விரலில் நூலை ஒரு முறுக்கு முறுக்கி, அந்தக் கண்ணியைப் பூத்தலை வழியாகப் போட்டு இழுக்க வேண்டும். அந்த முறுக்கில்தான் எல்லாம் இருக்கிறது. முறுக்காமல் வெறுமனே சுற்றினால் பார்ப்பதற்குக் கட்டியது போலவே இருக்கும், கையை எடுத்ததும் பூ பூவாக உதிரும்.

முதல் நாள் நிலவரம்: முக்கால் மணி நேரம், 11 கண்ணி. அதில் நாலு தானாக அவிழ்ந்தது. இரண்டில் ஆத்திரத்தில் இழுத்து காம்பை அறுத்துவிட்டேன். மல்லிகைக் காம்பு மெலிசு, இறுக்கினால் அறும், விட்டால் விழும், நடுவில் இருக்கிற இடம் நூலிழை அளவுதான் (சிலேடை போட நினைக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது). என் மகள் அந்த ஐந்து கண்ணிச் சரத்தைத் தன் பொம்மைக்கு வைத்தாள். பொம்மைக்கே பத்தவில்லை.

ஏப்ரல் 10

மாமியாரின் உத்தரவு: "பூவ வீணாக்காதீங்க மாப்ள." கீரை ஆய்ந்தபின் மிச்சமான முருங்கைக் காம்பை ஒடித்துக் குவித்துவைத்திருக்கிறார், அதில் பழக வேண்டுமாம். அவரும் சின்ன வயதில் காம்பிலும் இலையிலும்தான் பழகினாராம். நல்ல பூவை எட்டு வயதுப் பிள்ளையின் கையில் யார் கொடுப்பார்கள் என்றார். எனக்கு நாற்பத்தி நாலு.

ஏப்ரல் 14

புத்தாண்டு, பூ விலை ஏறிவிட்டது, நான் காம்போடு. ஆனால் இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தேன்.

"கொஞ்சம் மெதுவாகக் கட்டிக் காட்டுங்கள் அத்தை" என்று கேட்டேன். அவரால் முடியவில்லை. நிஜமாகவே முடியவில்லை. முதல் சுற்று சரி, முறுக்குகிற இடத்தில் கை நின்றது. "இப்படி... இல்ல, இப்படிப் போட்டு..." என்று இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவது தடவை எரிச்சலில் வழக்கமான வேகத்தில் கட்டினார், கச்சிதமாக விழுந்தது. எத்தனையோ வருடமாகக் கட்டுகிறவருக்குத் தான் எப்படிக் கட்டுகிறோம் என்பது வாயில் வரவில்லை. அவர் முகத்தில் ஒரு சின்னப் பயம் வந்துபோனதையும் பார்த்தேன், இனி அவரிடம் மெதுவாகக் கேட்கப்போவதில்லை.

அதனால் போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் வாயால் சொன்னது ஒன்று, கை செய்வது இன்னொன்று. "ஆள்காட்டி விரல்ல முறுக்கணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வீடியோவில் ஆள்காட்டி விரல் கிட்டத்தட்ட அசையவே இல்லை, மணிக்கட்டு மொத்தமாக ஒரு கால் வட்டம் திரும்புகிறது, முறுக்கு தானாக விழுகிறது. அதைவிட முக்கியம் இடது கட்டைவிரல். வலது கை சுற்றும்போது அது அமுக்கவில்லை, கண்ணி இறுகும் அந்த ஒரு நொடியில் மட்டும் அமுக்கி, உடனே ஒரு நூல் அளவு பின்னால் நகர்ந்து அடுத்த கண்ணிக்கு இடம் விடுகிறது. நெருக்கக் கட்டின் ரகசியம் இடது கட்டைவிரல். நாம் எல்லோரும் வீடியோவில் வலது கையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 15

கோத்தால் ஒரு நிமிடத்தில் இரண்டு முழம் வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, கோப்பது வேறு, கட்டுவது வேறு. அரளி, சாமந்தியை ஊசியில் கோக்கலாம். தலையில் வைக்கிற மல்லிகைச் சரத்தை நூலில் கண்ணி போட்டுத்தான் கட்டுகிறார்கள். கனகாம்பரமும் கட்டுவதுதான், ஆனால் அதன் காம்பு துவண்டு துவண்டு போகும். கனகாம்பரத்தை அதே வேகத்தில் கட்டுகிறவர் இருந்தால் அவர் வீடியோவைப் போடுங்கள், நான் எழுந்து நின்று பார்க்கிறேன்.

ஏப்ரல் 22

நேற்று மீனாட்சி கல்யாணம், இன்று தேர், நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார். இந்த வாரம் மாமியார் பக்கத்தில் போய்ச் சந்தேகம் கேட்டால் அடி விழும். மூட்டை மூட்டையாகப் பூ வருகிறது, அதிகாலை தொடங்கி உட்கார்ந்த இடத்தில் எழுந்திருக்காமல் கட்டுகிறார்.

ஏன் இந்த அவசரம் என்று யாரும் இங்கே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மல்லிகையை விடிவதற்குள் மொட்டாகப் பறிப்பார்கள், சாயங்காலத்துக்கு மேல் மலரும். மலர்ந்துவிட்டால் கட்டுவது கஷ்டம், இதழ் கையில் பட்டுப் பழுத்துவிடும். மதுரை மல்லிக்கு இதழ் தடிமன், வாடத் தாமதமாகும், 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ என்பதெல்லாம் சரி, ஆனால் அதற்கும் இதே கெடு உண்டு. ஒரு குவியல் மொட்டை வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று தினமும் ஒருவரை உட்காரவைத்தால் வேகம் எங்கிருந்து வராமல் போகும்?

மேலே பரோட்டா மாஸ்டரின் வீடியோவைப் போட்டவருக்கு: அருமை. மாவை வீசும்போது கண்ணாடி போலாகிறதே, அதில் பாதி வேலை வீசுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டை பிடித்து ஊறப்போட்டது எந்த வீடியோவிலும் வராது. ஊறாத மாவைக் கொடுத்து எந்த மாஸ்டரையும் வீசச் சொல்லுங்கள், கிழியும். மதுரையில் பரோட்டா போடக் கற்றுத்தரும் பயிற்சி மையமே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஈரத் துணியை வைத்து வீசிப் பழகுவார்கள். எனக்கு முருங்கைக் காம்பு, அவர்களுக்கு ஈரத் துண்டு.

டீ ஆற்றுவதையும் ஒருவர் கேட்டிருந்தார். மலேசியாவில் தே தாரிக் என்று அதற்குப் போட்டியே நடத்துகிறார்கள், அங்கே கடை போட்ட இந்திய முஸ்லிம்கள் வளர்த்த வித்தை. நான் வீட்டில் முயன்றேன். உயரத்திலிருந்து ஊற்றுவதில்லை என்பது தெரிந்தது. இரண்டு குவளையையும் ஒட்டிவைத்து ஊற்ற ஆரம்பித்து, விழுகிற கோடு அறாமல் மேல் கையைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும், கண் கீழ்க் குவளையில். இது தெரிந்த பிறகும் கால் லிட்டர் பால் தரையில். இந்த இழையில் டீ பற்றி நான் இனி பேசமாட்டேன்.

ஏப்ரல் 28

"எதற்கும் 10,000 மணி நேரம்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கு வந்த கதை தெரிந்ததால் சொல்கிறேன். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் கூட்டாளிகளும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் படித்தவர்களை விசாரித்தார்கள். மிகச் சிறந்தவர்கள் என்று ஆசிரியர்கள் காட்டிய கூட்டம் இருபது வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்திருந்தது. சராசரி, அவ்வளவுதான். 9,999இல் ஒன்றும் இல்லாமல் 10,000இல் கதவு திறக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதுவும் தப்பைத் தேடித் திருத்துகிற பயிற்சி. சும்மா வாசித்துக்கொண்டிருந்த நேரம் அதில் சேராது.

என் அனுபவம் தட்டச்சில். தென்காசியில் பள்ளி முடித்ததும் டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டார்கள், அந்தக் காலத்தில் வேறு என்ன செய்வார்கள். ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 ஆங்கில வார்த்தை, சீனியருக்கு 45. நான் 26இல் நின்றேன். நின்றேன் என்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதம், அதே 26. இனி எனக்கு வராது என்று முடிவே கட்டிவிட்டேன். மாஸ்டர் வேகத்தை மறக்கச் சொல்லி, 'தி', 'ஆண்ட்', 'விச்' மாதிரி அடிக்கடி வரும் வார்த்தைகளை மட்டும் பக்கம் பக்கமாக அடிக்கவைத்தார். மொட்டைத்தனமான வேலை. பத்து நாளில் ஒரு காலை திடீரென்று 33. இடையில் 28, 30 என்று படிப்படியாக வரவே இல்லை.

பின்னால்தான் தெரிந்தது, இது பழைய கதை. அமெரிக்காவில் பிரயன், ஹார்ட்டர் என்று இரண்டு பேர் 1897இலேயே தந்தி ஆபரேட்டர்களை வைத்து இதை வரைந்து காட்டியிருக்கிறார்கள். வருகிற தந்தியைக் காதால் வாங்கப் பழகுகிறவன் ஒரு கட்டத்தில் வாரக்கணக்கில் நகராமல் நிற்பான், பிறகு ஒரே தாவல். அதுவரை எழுத்து எழுத்தாகக் கேட்ட காது வார்த்தை வார்த்தையாகக் கேட்கத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். என் விரலும் 'தி' என்பதை மூன்று எழுத்தாக அடிப்பதை விட்டு ஒரே அசைவாக அடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

பூவில் நான் இப்போது நிற்கிற இடம்: ஒரு முழத்துக்கு 14 நிமிடம். பத்து நாளாக இதே 14.

மே 5

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இந்தப் பெண்களுக்கு என்ன ஒரு திறமை, உலக அரங்கில் கொண்டுபோக வேண்டும்" என்று ஒரு பின்னூட்டம். நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு அம்மா ஞாபகமாகவே இருக்கிறது. அம்மா பீடி சுற்றியவர். எங்கள் பக்கத்தில் கடையம், ஆலங்குளம், முக்கூடல் என்று எந்த ஊரிலும் திண்ணைக்குத் திண்ணை மடியில் முறத்தோடு பெண்கள் இருப்பார்கள். இலை வடக்கே சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும். அதை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, தகட்டை அளவு வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றிவிட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுவார், நடுவில் சோறும் ஆக்கி எங்களையும் அடித்து. அடிக்கும்போதுகூட இடது கையில் இலை இருக்கும்.

அப்போது செல்போன் இருந்திருந்தால் அம்மாவும் வைரல்தான். எடுக்கிறவர் கையை மட்டும் எடுத்திருப்பார். மாலையில் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தட்டிப் பார்த்து, இது லூசு, இது கட்டை என்று ஒரு பிடியைக் கழித்துப் போடுவார்களே, அது வீடியோவில் வராது. கழித்ததற்குக் கூலி கிடையாது, இலையும் தூளும் குறைந்ததற்குக் கணக்கு வேறு. 1966இல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம், 1976இல் நல நிதிச் சட்டம் எல்லாம் வந்திருந்தும் எங்கள் தெருவில் அந்த மாலை நேரம் மாறவில்லை. அம்மாவின் வேகத்துக்குப் பயிற்சி என்று பெயர் வைக்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. லூசாகப் போனால் கழித்துவிடுவார்கள், மெதுவாகப் போனால் எண்ணிக்கை குறையும். இரண்டு பக்கமும் அடி விழுந்தால் கை தானாக நடுவழியைக் கண்டுபிடிக்கும்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது, வேடிக்கை. 1959இல் கிராஸ்மன் என்பவர் சுருட்டுத் தொழிலாளர்களின் வேகத்தைக் கணக்கெடுத்தார். லட்சக்கணக்கில் சுருட்டு செய்து முடித்த பிறகும் ஒரு சுருட்டுக்கு ஆகும் நேரம் குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது. குறைகிற அளவு வரவர மிகச் சின்னது, ஆனால் வருடக்கணக்கில் குறைந்திருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அத எண்ணுததுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஒரு சம்பளமா?" என்றார்.

மே 6

வீடியோவை ரசிப்பதே பாவம் என்கிறீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. நானும் ரசிக்கிறேன், நேற்று இரவுகூடத் தேங்காய் உரிக்கும் ஒருவரை நாலு தடவை பார்த்தேன். நேற்றைய குறிப்பு கொஞ்சம் கனமாகிவிட்டது, அழிக்கப்போவதில்லை.

மே 19

ஏப்ரல் 14 குறிப்பில் நான் எழுதியதைத் திருத்துகிறேன். இடது கட்டைவிரல்தான் ரகசியம் என்று கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்தேன். அது பாதிதான், அதுவும் சின்னப் பாதி.

கட்டைவிரலை அவர் மாதிரியே நகர்த்தப் பழகினேன். முடிச்சு நன்றாக விழுகிறது, அவிழ்வதில்லை, அறுவதில்லை. இருந்தும் 14 நிமிடம் 12 ஆனதே தவிர இறங்கவில்லை. எரிச்சலில் என்னையே வீடியோ எடுத்து மாமியார் வீடியோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணி போடுவதில் எனக்கு நாலு வினாடி, அவருக்கு ஒன்று, ஒன்றே கால். சரி, மூன்று மடங்கு. ஆனால் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில்? அவருக்கு ஒரு வினாடி. எனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வினாடி! அந்த நேரமெல்லாம் நான் என்ன செய்கிறேன் என்றால், குவியலில் துழாவி மொட்டு எடுக்கிறேன். இரண்டு எடுத்தால் ஒன்று தலைகீழாக வரும், திருப்புவேன், திருப்புகையில் இன்னொன்று விழும், குனிந்து எடுப்பேன்.

அவர் கை குவியலுக்குள் போய் வரும்போதே நாலு மொட்டு, இரண்டு இப்படி இரண்டு அப்படி, காம்பு சேர்ந்து வருகிறது. பார்ப்பதே இல்லை. கூர்ந்து பார்த்தால், இந்தக் கண்ணி இறுகும்போதே வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் அடுத்த மொட்டுகளை மடியில் தள்ளி ஒழுங்கு செய்கின்றன. அந்தக் குவியலும் சும்மா கொட்டிய குவியல் இல்லை. உட்கார்ந்ததும் பூவை முறத்தில் ஒரு தட்டுத் தட்டி, காம்பில்லாதது, பழுத்தது, மலர்ந்தது எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார். இரண்டு நிமிட வேலை, நான் அதைச் சும்மா சுத்தம் செய்வது என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதமாக முடிச்சைப் பழகிக்கொண்டிருந்தேன், பழக வேண்டியது எடுப்பது. முருங்கைக் காம்பில் இது தெரியவே தெரியாது, காம்புக்குத் தலை ஏது வால் ஏது? (அத்தையிடம் இதைச் சொன்னதும் "அது கண்ணி பழகத்தான் மாப்ள, எடுக்கிறதெல்லாம் பூவுலதான் வரும்" என்று முன்பே தெரிந்தவர் போலச் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்.)

மே 20

கட்டாமல் வெறுமனே எடுத்து எடுத்து வைக்கும் பயிற்சி, அரை மணி நேரம், கண்ணை மூடிக்கொண்டு. மனைவி: "ஏங்க, பூவோட என்னங்க சண்டை?"

ஜூன் 2

8 நிமிடம் 40 வினாடி. முகூர்த்த நாள், விலை அதிகம், என்னை நம்பி ஒன்றரை முழப் பூ கொடுத்தார்கள். மனைவி வைத்துக்கொண்டு பேருந்தில் போய்வந்தார். திரும்பும்போது ஏழு பூ குறைவு என்று தகவல். எந்த ஏழு என்று கேட்டேன், பதில் இல்லை.

முதல் நாள் குறிப்பில் பிறவித் திறமையை ஒரேயடியாகத் தள்ளினேன், அதிலும் ஒரு உறுத்தல். என் மைத்துனி அதே வீடு, அதே அம்மா, அதே வயதில் ஆரம்பித்தவர். இன்றைக்கும் அவருக்கு ஒரு முழம் நாலு நிமிடம். கேட்டால் "எனக்கு அது பிடிக்காது மாமா, அம்மா திட்டுச்சேன்னு கட்டுவேன்" என்கிறார். அப்போது கை வித்தியாசமா, மனசு வித்தியாசமா? எதிர்வீட்டு அக்காவுக்கும் பிடித்தா கட்டினார், அவர் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. கேள்வி கேட்டவரே, பிறவி என்பதில் கொஞ்சம் உங்கள் பக்கம் விட்டுத்தருகிறேன். கொஞ்சம்தான்.

ஜூன் 16

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். பீடி சுற்றுவதை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது, மூச்சிரைப்புக்குப் பிறகு. மத்தியானம் அத்தை பூவோடு உட்கார்ந்திருந்தார், அம்மாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நீங்களும் ரெண்டு கண்ணி போடுங்க மதினி என்று அத்தை நூலை நீட்டினார்.

அம்மாவுக்குப் பூக்கட்டத் தெரியாது. இது எனக்கே இன்றுதான் தெரியும். எங்கள் ஊரில் பூக்கட்டத் தெரியாத பெண் உண்டா என்று கேட்டேன். "பொயல கைய வச்சிக்கிட்டு பூவ எப்படித் தொட? சாமிக்கு வைக்கது, தலையில வைக்கது, நாத்தம் அடிக்கும்லா. வாங்கித்தான் வைப்பேன்" என்றார். நான் முப்பது வருடமாக வீட்டில் பார்த்தது கடையில் வாங்கிய சரம் என்பதை யோசித்ததே இல்லை.

கட்டினார். முடிச்சு என் முதல் நாள் மாதிரியே, முறுக்காமல் சுற்றி, எல்லாம் அவிழ்ந்தது. பீடிக்கு நூல் சுற்றுகிற மாதிரியே சுற்றுகிறார், கை அந்தப் பக்கமே இழுக்கிறது. அத்தையும் நானும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அம்மாவுக்கு நான் ஒன்றைக் கற்றுத்தருகிறேன் என்று.

அப்புறம்தான் கவனித்தேன். அத்தையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, பார்க்காமல், இடது கையால் குவியலிலிருந்து எடுக்கிறார். நாலு. நாலு. நாலு. தலை அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. ஒரு தடவைகூட மூன்றோ ஐந்தோ வரவில்லை, காம்பு இல்லாத மொட்டு ஒன்று விரலில் பட்டதும் அதுவாக வெளியே தள்ளியது. நான் நாலு வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டு பழகியும் வராதது. அத்தையும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ எடுக்கவா என்று கேட்டேன். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அத்தையைப் பார்த்து, "கிலோவுக்கு எவ்வளவு தாராவ மதினி?" என்றார். அத்தை சொன்னார். ஒரு கிலோ கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டார். உதடு அசைய அசைய ஏதோ கணக்குப் போட்டார், விரலில் எண்ணினார், மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"ஆயிரம் பீடிக்கு மேலதான் வருது" என்றார். "ஆனா காலையிலயே முடிச்சிரணும், என்னா?"